நிழல்களுக்கும் சம்பளம் உண்டு

2022 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பரிஸ் நகரில், பஸ்தில் ஒபேரா அரங்கில், 'லா பயதேர்' என்னும் பாலே நடனத்தைப் பார்த்தேன். இலங்கையில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. விமானச்சீட்டும் அரங்கின் நுழைவுச்சீட்டும் மகளின் அன்பளிப்பு. அஃதில்லையேல் ஓய்வுபெற்ற பத்திரிகையாளன் ஒருவனுக்கு அது எட்டாக்கனியே.

நாடு திரும்பியதும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கடிந்துகொண்டார். நடனம் அறிந்தவர், நான் மதிப்பவர். "எங்கள் கோயில் நடனத்தையே கேலிப்பொருளாக்கிய கூத்து அது. அதைப் போய்ப் பார்த்ததே பிழை. கண்டித்து ஒரு கட்டுரை எழுதுங்கள் ஐயா" என்றார்.

கண்டனம் எழுதத்தான் போகிறேன். ஆனால் அது சென்று சேரவேண்டிய முகவரி வேறு.

முதலில் நண்பரின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 'பயதேர்' என்பது நமது நாட்டு நடனப்பெண்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். மாரியஸ் பெதிபா 1877 இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் அமைத்த இந்த நடனத்தில் நிக்கியா என்றொரு கோயில் நடனப்பெண் வருகிறாள். அவளைக் காதலித்த போர்வீரன் சோலோர் அரசகுமாரியை மணக்க இசைகிறான். பூக்கூடைக்குள் மறைத்துவைத்த பாம்பு தீண்டி நிக்கியா இறக்கிறாள். மேடையில் காணும் இந்தியா எந்த வரைபடத்திலும் இல்லாத இந்தியா. முத்திரை என்று எண்ணி அவர்கள் பிடிப்பது எதுவும் முத்திரையன்று. கறுப்பு மை பூசிய சிறுவர்கள் ஆடும் பகுதியொன்றும் இதில் நெடுங்காலம் இருந்தது. 2015 இல்தான் அதன் இழிவான பெயரை பரிஸ் ஒபேரா மாற்றியது.

ஆனால், இந்தக் குறைகளைப் பரிஸில் உரத்துச் சொன்னவர்கள் யார்? அந்த நிறுவனத்தின் நடனக்கலைஞர்களே 2020 இல் இனப்பாகுபாடு பற்றிய அறிக்கையொன்றில் ஒப்பமிட்டு நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். நிர்வாகம் ஆய்வுக்குழு அமைத்தது. 2021 பெப்ரவரியில் அதன் அறிக்கை வெளிவந்தது. மாதச் சம்பளமும் தொழிற்பாதுகாப்பும் உடைய கலைஞனால் தன் முதலாளியை நோக்கி விரல் நீட்ட முடிகிறது. இதை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி அன்றிரவு நான் கண்டதற்கு வருகிறேன். மூன்றாம் அங்கத்தில் 'நிழல்களின் இராச்சியம்' என்றொரு காட்சி உண்டு. சோலோர் அபினி புகைத்து மயங்குகிறான். இருண்ட மேடையின் பின்புறத்திலிருந்து வெள்ளுடை அணிந்த ஒரு பெண் சரிவுப் பாதையில் இறங்குகிறாள். ஒரு காலைப் பின்னே உயர்த்தி, முன்னே சாய்ந்து, நிமிர்ந்து, இரண்டடி வைக்கிறாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. அதே அசைவு, அதே அளவு. இப்படி முப்பத்திரண்டு பெண்கள் இறங்கி மேடையை நிறைக்கிறார்கள். கடைசிப் பெண் வரும்போது முதற்பெண் அதே அசைவைப் பல பத்துத் தடவை செய்து முடித்திருப்பாள். ஒருத்தி தடுமாறினால் முழுக் காட்சியும் பாழ். ஒருத்தியும் தடுமாறவில்லை.

நுழைவுச்சீட்டில் நாயகியின் புகழுக்காகத்தான் காசு வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் காட்சியை உலகத்தரமாக்குபவள் முப்பத்திரண்டாவதாக வரும் பெண். அவள் பெயர் சுவரொட்டியில் இல்லை. அவளுக்கு மாலை மரியாதை இல்லை. அவளை அங்கே நிறுத்தியிருப்பது எது என்பதே என் கேள்வி.

தெய்வீகம் என்று நம்மவர் விடை சொல்லக்கூடும். என் விடை, சம்பளம். பரிஸ் ஒபேராவின் நடனப்பள்ளி 1713 இல் தொடங்கியது. நடனக்குழுவில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் முழுநேர ஊழியர்களாக இருக்கிறார்கள். ஒபேரா ஊழியருக்கான ஓய்வூதிய ஏற்பாட்டின் தொடக்கம் 1698 ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. 42 வயதில் ஓய்வுபெறும் அந்த உரிமைக்கு அரசு ஊறு செய்ய முற்பட்டபோது, 2019 டிசம்பர் 24 ஆம் திகதி, நடனப்பெண்கள் கார்னியே மாளிகையின் வாசலுக்கு வந்து, குளிரில், தெருவில் நின்ற மக்களுக்கு 'அன்னத் தடாகம்' ஆடிக் காட்டினார்கள். வேலைநிறுத்தத்தையும் கலையாகச் செய்தார்கள்.

பரிஸ் சுவர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே ஒபேராவின் நடனப்பெண்கள் பெரும்பாலும் ஏழைவீட்டுப் பிள்ளைகள். செல்வந்தச் சந்தாதாரர்கள் அரங்கின் பின்னறைக்கே வந்து அவர்களைத் தமக்கு ஆசைநாயகியராகத் தேடினார்கள். நடனக்காரி என்றால் ஒழுக்கங்கெட்டவள் என்ற வசை அங்கும் இருந்தது. அந்த இழிவைக் களைய அவர்கள் நடனக்காரியைத் துரத்தவில்லை. தொழிலை ஒழுங்குசெய்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? இதே பரிஸுக்கு 1838 இல் கடலூருக்கு அண்மையிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து நடனப்பெண்கள் ஐவரும் இசைக்கலைஞர் மூவரும் வந்தார்கள். அவர்களுள் அம்மணி என்ற இளம்பெண் நகரையே வியக்கவைத்தாள். எழுத்தாளர் தெயோபில் கோத்தியே அவளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். சிற்பி ஒருவர் அவளுக்கு வெண்கலச் சிலை செய்தார். அதே கோத்தியே 1858 இல் 'சகுந்தலா' பாலேயின் கதையை எழுத, அதனை அமைத்தவர் மாரியஸ் பெதிபாவின் அண்ணன் லூசியன். 'லா பயதேர்' அதன்பின் வந்தது. நான் பார்த்த நிழல்களுள் அம்மணியின் நிழலும் இருந்தது என்றே எண்ணுகிறேன்.

அம்மணியின் வழிவந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? 1947 இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் கொடுமை ஒழிந்தது நியாயமே. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் ஆடிப் பிழைத்தவளுக்கு மாற்றாக நாம் கொடுத்த மேடை எது? யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் சின்னமேளம் ஆடிய பெண்கள் எங்கே போனார்கள்? கலையை நம் வீட்டுக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டோம். கலைஞரை வாசலிலேயே விட்டுவிட்டோம்.

அன்றிரவு ஐந்தாம் இலக்க மெற்றோவில் கார் து நோர் வந்திறங்கி, நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் வரை நடந்தேன். பலசரக்குக் கடையொன்றின் கண்ணாடியில் ஓர் அரங்கேற்ற விளம்பரம் ஒட்டியிருந்தது. அடுத்த ஞாயிறு உறவினர் வீட்டுப் பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு நானும் போகவேண்டியிருந்தது. சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரர்கள் வந்திருந்தார்கள். பட்டுச்சேலைகள், மலர் அலங்காரம், ஒளிப்பதிவு, விருந்து எதிலும் குறைவில்லை. பிள்ளை உண்மையிலேயே நன்றாக ஆடினாள். பன்னிரண்டு ஆண்டு உழைப்பு அவள் பாதங்களில் தெரிந்தது.

முடிந்தபின் கேட்டேன்: "அடுத்த மேடை எப்போது, பிள்ளை?"

அவள் சிரித்தாள். "அரங்கேற்றம் முடிஞ்சுதுதானே பெரியப்பா. இனிப் படிப்புத்தான்."

அரங்கேற்றம் என்றால் மேடையில் ஏறுவது. நாம் அதனை இறங்குவதற்கான சடங்காக ஆக்கிவிட்டோம். கொழும்பிலும் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் இதே கதைதான். பரிஸ் பிள்ளை பள்ளியில் தேறிச் சம்பளத்துக்கு ஆடப்போகிறாள். நம் பிள்ளை தேறியதும் சலங்கையை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறாள். தாயகத்தில் இராமநாதன் நுண்கலைக்கழகத்தில் நடனம் பயின்று பட்டம் பெற்றவர்கள் பாடசாலை ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள். கற்பிக்க வழியுண்டு, ஆடிப் பிழைக்க வழியில்லை. மேடையில் ஆடுவதற்கென்றே மாதச் சம்பளம் கொடுத்து ஈழத்தமிழர் நடத்தும் நிரந்தர நடனக்குழு ஒன்றை என் பத்திரிகை வாழ்வில் நான் கண்டதில்லை.

இந்தக் குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன். நாற்பது ஆண்டுகள் அரங்கேற்றச் செய்திகள் எழுதியவன். பிரதம விருந்தினரின் பெயரை முதல் வரியிலும், "பார்வையாளரை மெய்மறக்கச் செய்தார்" என்பதைக் கடைசி வரியிலும் வைத்துப் பத்திகளை நிரப்பினேன். "இவர் நாளை எங்கே ஆடுவார், யார் இவருக்குச் சோறு போடுவார்" என்று ஒருமுறையேனும் எழுதியதில்லை.

"கலையைக் காசால் அளக்கலாமா" என்று சிலர் கேட்பார்கள். மண்டபத்துக்குக் காசு, மேளத்துக்குக் காசு, ஒளிப்படக்காரருக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு. ஆடுபவளிடம் வந்ததும் மட்டும் கலை தெய்வீகமாகிவிடுகிறது. இந்தத் தெய்வீகம் யாருக்கு வசதியானது என்பதைச் சற்றுச் சிந்தியுங்கள்.

நூற்றைம்பது பேர் வேண்டாம். எட்டுப் பேரில் தொடங்கலாம். புலம்பெயர் நாடுகளின் நம் கோயில்கள் திருவிழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கட்டும். அரங்கேற்றம் நடத்தும் பெற்றோர் விருந்துச் செலவில் ஒரு பங்கைத் தரட்டும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ எட்டுப் பட்டதாரிகளுக்கு மூன்று ஆண்டுகள் ஆடுவதற்கே சம்பளம் கொடுத்துப் பார்ப்போம்.

அதைச் செய்துவிட்டு, 'லா பயதேர்' நம்மை இழிவுபடுத்துகிறது என்று சொல்வோம். அன்று நண்பரோடு நானும் பஸ்தில் வாசலில் பதாகை பிடிக்கிறேன். அதுவரை எனக்கு அந்த அருகதை இல்லை. அவர்கள் நம் நடனப்பெண்ணின் நிழலுக்கே சம்பளம் கொடுக்கிறார்கள். நாம் நடனப்பெண்ணுக்கே கொடுக்கவில்லை.