5-ஐ விட 6 பெரிதா? புயல் கூண்டு சொல்வது என்ன?

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு வலுத்தால், கடலூர் முதுநகர் பக்கம் முதலில் கிளம்பும் கேள்வி இதுதான்: "கூண்டு ஏத்திட்டாங்களா, எத்தனாம் நம்பர்?" பதில் பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் வரை உடனே போய்ச் சேர்ந்துவிடும். நம்பர் கூடினால் ஆபத்தும் கூடுது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி.

கூண்டு யாருக்காக?

இந்தியாவில் துறைமுகப் புயல் எச்சரிக்கை முறை 1865-ல் கல்கத்தாவில் தொடங்கியது. அடிப்படையில் இது கப்பல்காரர்களுக்கான அடையாளம். பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எழுத்தே கிடையாது. கடலில் தொலைவில் நிற்பவருக்கு எழுத்து தெரியாது, வடிவம் தெரியும். எந்த மொழிக்காரருக்கும் புரியும். அந்த வேலைக்கு அது நல்ல வடிவமைப்பு. ஆனால் கரையில் இருக்கும் மக்களுக்கு வந்து சேர்வது வடிவம் அல்ல, வெறும் எண். சிக்கல் அங்கேதான்.

எண்களின் கணக்கு

1, 2: புயலோ, புயல் உருவாகக்கூடிய சூழலோ தொலைவில் இருக்கிறது. 3, 4: துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7: புயல் ஆபத்து. 8, 9, 10: தீவிரப் புயலால் பெரும் ஆபத்து. 11: வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது.

கவனிக்க வேண்டியது 5, 6, 7. இவை மூன்றும் ஒரே அளவு ஆபத்து. மாறுவது திசை மட்டும். துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் புயல் கடந்தால் 5, வலப்பக்கம் விட்டால் 6, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயலுக்கு 8, 9, 10-ம் இதே வரிசைதான்.

கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயலுக்கு இடப்பக்கம் என்பது தெற்கு. ஆக, கடலூரில் 5 ஏறினால் புயல் நமக்கு வடக்கே கடக்கிறது. காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். 6 ஏறினால் புயல் தெற்கே கடக்கிறது. காற்று கடல்நீரைக் கரைக்குத் தள்ளும். தாழ்வான மீனவர் குப்பங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆனால் வெறும் எண்ணாகக் கேட்பவருக்கு 6 என்பது 5-க்கு அடுத்த படி, அவ்வளவுதான்.

வண்ணம் சொல்லாதது

மாவட்ட வாரியான வண்ண எச்சரிக்கையிலும் இப்படி ஒரு இடைவெளி உண்டு. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனியுங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். வண்ணம் சொல்வது நாம் செய்ய வேண்டியதை. ஆனால் வரைபடத்தில் கடலூர் மாவட்டம் முழுக்க ஒரே நிறம். மேற்கே திட்டக்குடியும் கடலோரக் கிள்ளையும் ஒன்றாகவே தெரியும்.

அந்த நிறம் காட்டுவது இங்குள்ள வானிலையை மட்டுமே. சிதம்பரம் வட்டாரத்துக்கு வெள்ளம் மேலிருந்தும் வரும். 2018 ஆகஸ்டில் காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்த மழையால் கொள்ளிடம் பெருக்கெடுத்தது. வானம் வெளுத்திருந்தாலும் ஆற்றங்கரைக்காரர் மூட்டை கட்ட வேண்டிய நாட்கள் உண்டு. அதை மழை வரைபடம் காட்டாது.

2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ருட்டியின் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. எச்சரிக்கை வந்தால் மட்டும் போதாது. வந்தது புரியவும் வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. கூண்டு எண்ணை அறிவிக்கும்போதே, புயல் வடக்கே கடக்கிறதா தெற்கே கடக்கிறதா, கடல்நீர் உள்ளே வருமா என்று ஒரு வரி சேர்க்கலாம். எண்களின் பொருளை மீன் இறங்குதளங்களிலும் பேருந்து நிலையங்களிலும் படம் போட்டு எழுதி வைக்கலாம். ஆற்றுக்குத் தனி எச்சரிக்கையை வண்ணத்தோடு சேர்த்தே தரலாம். அப்போதுதான், "எத்தனாம் நம்பர்?" என்று கேட்பவர், அடுத்து என்ன செய்யணும் என்பதையும் தெரிந்துகொள்வார்.