வென்டிலேட்டர் வந்தது, நர்சு எங்கே?

வயலில் நல்ல பாம்பு கடித்தால் விஷம் ஏறி மூச்சு அடங்குகிறது. விஷமுறிவு மருந்தோடு வென்டிலேட்டரும் இருந்தால்தான் உயிர் தப்பும். 2020 மே மாதம் 'பி.எம். கேர்ஸ்' நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்கு 2,000 கோடி ரூபாய் என்று மத்திய சர்க்கார் முழங்கியது. நல்லது!

ஆனால், தறி இருந்தால் போதுமா, ஓட்டத் தெரிந்த கை வேண்டாமா? மில் தொழிலாளியைக் கேளுங்கள்! குழாயில் சளி அடைத்தால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். அலாரம் அடித்தால் காரணம் காண வேண்டும். பட்டம் பெற்ற நர்சும் இதைத் தனியாகப் பயின்றாக வேண்டும். வென்டிலேட்டரில் கிடக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்சு பக்கத்திலேயே இருப்பதுதான் முறை.

நடந்தது என்ன? கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த 2,400-க்கும் மேற்பட்ட நர்சுகளின் வேலையை, 2022 டிசம்பர் 31-உடன் தமிழக அரசு முடித்தது. போராடிய பின் காட்டியதும் இன்னொரு ஒப்பந்த வேலைதான்! ஆபத்தில் கைகூப்பினார்கள், ஆபத்து நீங்கியதும் கைகழுவினார்கள்.

பணக்காரனுக்குத் தனியார் ஆஸ்பத்திரி உண்டு. நமக்கு?

தீவிர சிகிச்சை வார்டு நர்சு ஒவ்வொருவருக்கும் முழுச் சம்பளத்துடன், சர்க்கார் செலவில் அடிப்படைப் பயிற்சி கொடு! பயின்றவரை நிரந்தரமாக்கு! இது நர்சுகளின் கோரிக்கை மட்டுமல்ல. நம் உயிர் மூச்சின் கோரிக்கை!