வந்த காசும் வராத சம்பளமும்

அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டிக் கடைத்தெருவில் இன்றைக்கும் காதில் விழும் பேச்சு இது: "கொரோனாவுல வெளிநாட்டுக்காரன் வீடுதாம்ப்பா தப்பிச்சுது." 2020 மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களை நோயோடு வந்தவர்கள் என்று ஒதுக்கிய ஊர், சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்தவர்களைக் கொடுத்துவைத்தவர்கள் என்றது. படித்தவர்கள் இதற்குப் புள்ளிவிவரமும் வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டுப் பணம் 23 சதவீதம் சரியும் என்று உலக வங்கி 2020 ஏப்ரலில் கணித்தது. சரிந்ததோ வெறும் 0.2 சதவீதம். 8,300 கோடி டாலர் வந்து சேர்ந்தது. அப்புறம் என்ன குறை என்கிறார்கள்.

தொகையில் எனக்குச் சண்டையில்லை. விமானம் நின்றதும் கையில் கொண்டுவரும் காசுக்கும் வழியில்லை, வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியலும் முடங்கியது. முன்பு எந்தக் கணக்கிலும் ஏறாத பணம் வங்கி வழியாக வந்தது. வேலை போய் ஊருக்குக் கிளம்பியவர் சேமிப்பைத் துடைத்து அனுப்பியதும் இதே கணக்கில்தான் சேரும். பாஸ்புக்கில் ஒரு பெரிய வரவு இருக்கும், அடுத்த பல மாதங்களுக்கு ஒன்றுமே இருக்காது. அந்த ஒரு வரியைக் காட்டியா மீட்சி என்பது?

சிங்கப்பூர் அரசே 2020 டிசம்பரில் சொன்ன கணக்கு: விடுதிகளில் இருந்த சுமார் 3.23 லட்சம் தொழிலாளரில் 47 சதவீதம் பேரைத் தொற்று தொட்டிருந்தது. வேலை நின்ற மாதங்களில் பேசிக் என்கிற அடிப்படைச் சம்பளம் வந்தவருக்கும் ஓவர்டைம் கிடையாது. பேசிக் சாப்பாட்டுக்கும் கடனுக்கும் போய்விடும். வீடு ஓடுவதே ஓவர்டைம் காசில்தான். விடுதியில் அடைபட்டவர்களை லிட்டில் இந்தியாவுக்குச் சில நூறு பேராகப் போய்வர, அதுவும் சோதனை முறையில், 2021 செப்டம்பரில்தான் விட்டார்கள்.

நம் அரசு என்ன செய்தது? 2020 செப்டம்பரில் வளைகுடாத் தொழிலாளருக்கு இதற்குக் குறையக் கூடாது என்று தானே வைத்த குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளத்தை 30 முதல் 50 சதவீதம்வரை வெட்டியது. கத்தாருக்கும் அமீரகத்துக்கும் மாதம் 200 டாலர். வேலையைக் காப்பாற்றத்தான் என்று காரணமும் சொன்னது! தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2021 ஜூலையில்தான் பழைய சம்பளம் திரும்பியது. நடுவில் குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் போனவர்களின் கதி பற்றி, மீட்சி பேசுகிறவர்கள் வாய் திறப்பதில்லை.

"கஷ்டம்னா ஊர் திரும்பினவன் ஏன் மறுபடி போனான்?" என்று மடக்குவார்கள். சட்டப்படி ஏஜெண்டு வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் வரியும், கைமாறுவது லட்சத்தில். அதற்கு மனைவியின் நகை அடகுக்கும் முந்திரித் தோப்பு ஒத்திக்கும் போயிருக்கும். ஆள் ஊரில் சும்மா உட்கார்ந்த மாதங்களிலும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. வேறு எதற்குப் போவான்?

வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் 2020 மே 7 அன்று தொடங்கின. டிக்கெட் பெரும்பாலும் அவரவர் காசு. மூன்று மாதம், நாலு மாதம் சம்பளப் பாக்கியை விட்டுவிட்டு ஏறியவர்கள் அதில் உண்டு. அந்தப் பாக்கியை மீட்டுத்தர ஓர் ஏற்பாடு வேண்டும் என்று உலகத் தொழிற்சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் 2020 ஜூனிலேயே கேட்டன. 8,300 கோடி டாலரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் இந்தப் பாக்கியையும் கூட்டிச் சொல்லட்டும், பிறகு பேசலாம்.