திலோ ஹொப்மனும் வங்காலைப் பறவைகளும்

தனியொருவர் ஒரு காட்டைக் காப்பாற்றினார் என்று எழுதும்போது பெரும்பாலும் அதில் மிகை கலந்திருக்கும். திலோ ஹொப்மன் சிங்கராஜ வனத்தைக் காப்பாற்றினார் என்று சொல்வதில் அந்த மிகை மிகக் குறைவு. 2014ஆம் ஆண்டில் காலமான அவரைத் தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது சந்தேகமே. அவர் அரசியல்வாதி அல்லர். எந்தச் சமூகத்தின் வாக்குவங்கிக்கும் உரியவர் அல்லர். ஆகவே அவருடைய பெயரை உச்சரிப்பதால் எவருக்கும் இலாபம் இல்லை.

சுவிற்சர்லாந்தில் 1922இல் பிறந்த ஹொப்மன் விவசாய விஞ்ஞானம் பயின்றவர். 1946இல் பவர்ஸ் கம்பனியில் பணியாற்ற இலங்கைக்கு வந்து, பின்னர் அக்கம்பனியின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். பசளையும் விவசாய இரசாயனங்களும் விற்ற ஒரு நிறுவனத்தின் தலைவர் இயற்கையின் காவலராகவும் விளங்கியது சிலருக்கு முரண்பாடாகத் தோன்றலாம். அந்த விமர்சனத்தை நான் முற்றாக ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் விலங்கியலையோ பறவையியலையோ அவர் தொழிலாகக் கொண்டவரல்லர் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. வேலை போக மிஞ்சிய நேரத்தில் காடுகளில் நடந்தார். கண்டவற்றைக் குறித்து வைத்தார்.

1894இல் ஆரம்பிக்கப்பட்ட வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்துக்கு அவர் தலைமை தாங்கியிருந்த காலத்தில்தான் சிங்கராஜவுக்கு ஆபத்து வந்தது. கொஸ்கமவில் அரசாங்கம் அமைத்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் தேவைப்பட்டது. 1970களின் முற்பகுதியில் இயந்திரங்கள் காட்டுக்குள் நுழைந்தன. ஹொப்மன் அந்த மழைக்காட்டை நடந்தே பார்த்து, அங்கிருப்பது என்ன, அழியப்போவது என்ன என்பதை எழுத்தில் வைத்தார். சங்கம் மனுக்கள் கொடுத்தது, பத்திரிகைகள் எழுதின. மரம் வெட்டுதல் உடனே நின்றுவிடவில்லை. 1977இல் ஆட்சி மாறிய பின்னரே இயந்திரங்கள் வெளியேறின. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாகவும் அந்த வனம் அங்கீகாரம் பெற்றது. அங்குள்ள மரவகைகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை.

அதே வனத்தில் 2001இல் விஞ்ஞானம் அறிந்திராத ஒரு சிறிய ஆந்தை முதன்முதலாகக் கண்ணில் பட்டது. 2004இல் அது புதிய இனமாக முறைப்படி விபரிக்கப்பட்டது. 1868க்குப் பின்னர் இலங்கையில் கண்டறியப்பட்ட முதலாவது புதிய பறவை இனம் அது. கொஸ்கம ஆலைக்கு முழுக்காடும் போயிருந்தால் அந்த ஆந்தை பெயரில்லாமலே மறைந்திருக்கக் கூடும்.

இவற்றையெல்லாம் தமிழில், அதுவும் உலகெங்கும் சிதறியிருக்கும் வாசகர்களுக்கு ஏன் எழுத வேண்டும்? வடக்கில் "வனஜீவராசிகள்" என்ற சொல்லே இன்று சந்தேகத்துக்குரிய சொல்லாகிவிட்டது என்பதனால்தான். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடுவீதி, ஆதாம்பாலம் ஆகிய 4 இடங்கள் தேசியப் பூங்காக்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. போரினால் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, தன் காணியின் எல்லையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவனுக்குத் திணைக்களத்தின் எல்லைக்கல் எவ்வாறு தோன்றும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தன் வாழ்விடத்தைப் பற்றித் தன் மொழியில் தன்னிடம் கேட்காமல் செய்யப்படும் பாதுகாப்பை அவன் பறிப்பாகவே காண்கிறான். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அந்தக் கோபம் பறவைகளின்மீதும் காட்டின்மீதும் திரும்புவதை நான் ஏற்கமாட்டேன். சிங்கராஜவில் மரத்தை வெட்டியதும் அரசாங்கந்தான் என்பதை மறந்துவிடலாகாது. ஹொப்மன் எதிர்த்து நின்றது அரசின் திட்டத்தையே. இயற்கையின் பக்கம் நிற்பதென்றால் திணைக்களத்தின் பக்கம் நிற்பது என்ற எண்ணத்தை நம்மவர்கள் கைவிட வேண்டும்.

இதற்கு மன்னாரே உதாரணம். வங்காலை 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ரம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் வலசைப் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாசல்களில் ஒன்று அது. பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் குளிர்காலத்தில் அங்கே கூட்டமாக இறங்குகின்றன. 2020இன் இறுதியில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. அடுத்து அதானி நிறுவனத்தின் 250 மெகாவாற் திட்டம் வந்தது. சூழலியலாளர்கள் 2024இல் உயர் நீதிமன்றம் சென்றனர். பறவைகளின் வலசைப் பாதை அவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. ஆனால் மின்சார விலையைப் புதிய அரசாங்கம் மீளப் பேச முனைந்ததே அதற்குப் பிரதான காரணம். பறவைகள் வென்றன என்று கொண்டாட இடமில்லை. அதே ஆண்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். மீனவனின் கவலையும் பறவை ஆர்வலரின் கவலையும் ஒரே மணற்றிட்டில் சந்தித்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

இத்தகைய போராட்டங்களில் கோஷம் சிறிது தூரமே செல்லும். நீதிமன்றத்தில் கணக்கு வேண்டும். எந்த மாதத்தில், எந்த நீர்நிலையில், எந்த இனம், எத்தனை? 1943இல் தொடங்கப்பட்டு, ஹொப்மன் நெடுங்காலம் வழிநடத்திய சிலோன் பேர்ட் கிளப் அந்தக் கணக்கைத்தான் ஆண்டுதோறும் எடுத்து வருகிறது. கணக்கெடுப்போர் பலர் கொழும்பிலிருந்து வருபவர்கள். வங்காலையிலும் கொக்கிளாயிலும் தொண்டைமானாற்றிலும் வாழும் பிள்ளைகள் தம் வாசலில் வந்திறங்கும் பறவைகளைத் தாமே எண்ணிப் பதிவு செய்யும் நிலை வேண்டும்.

புலம்பெயர்ந்த நம்மவர்கள் ஊர்க் கோயிலின் கோபுரத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஒரு கோபுரத்துக்கு வர்ணம் பூசும் செலவில் ஒரு சிறு பகுதி போதும், கரையோரப் பாடசாலை ஒன்றுக்குச் சில நல்ல தொலைநோக்கிகள் வாங்கலாம். வடபுலத்துப் பறவைகளுக்கென, நம் ஊர்வழக்குப் பெயர்களுடன், படங்களோடு கூடிய ஒரு தமிழ்க் கையேட்டை அச்சிட்டு இலவசமாக வழங்கலாம். ஒரே பறவையை மன்னாரில் ஒரு பெயராலும் வடமராட்சியில் வேறொரு பெயராலும் அழைக்கிறார்கள்; அவற்றை அறிந்த முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். கையேட்டின் முதற்பக்கத்தில் ஹொப்மனின் பெயரைப் பொறித்தால் அவருக்கும் அது பொருந்தும்.

நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடைபெறுவது வழக்கம். அடுத்த ஜனவரியில் விடுமுறைக்கு ஊர் செல்பவர்கள் ஒரு காலைப்பொழுதை வங்காலையில் செலவிடலாம். விடிவதற்கு முன்னர் போய்ச் சேர்வது நல்லது.