பாலை மறுத்த பாவை

தோழனே!

"காதல் களியாட்டப் படந்தானே, அதிலே கருத்தென்ன கிடக்கிறது?" என்று கேட்போர் உளர். கதாநாயகியின் கழுத்தில் மாலை விழுந்தால்தான் அவள் வாழ்வு மலர்ந்தது என்று எண்ணிப் பழகிவிட்டோர் அவர்கள்! அவர்களை 'ரோமன் ஹாலிடே' பார்க்கச் சொல். 1953ல் வில்லியம் வைலர் இயக்கிய படம். ஆட்ரி ஹெப்பர்னுக்கு ஆஸ்கார் விருது ஈட்டித் தந்த படம்.

அரசகுமாரி ஆன். மணிமுடி உண்டு, மாளிகை உண்டு. தனக்கென ஒரு சொல் மட்டும் இல்லை! எழுதித் தந்ததைப் பேசுகிறாள். இரவானால் பாலும் பிஸ்கட்டும். மனம் வெதும்பி அழுதாளா? ஊசி போட்டு உறங்க வை! அரண்மனை கண்ட அருமருந்து அது!

தப்பி ஓடுகிறாள். ரோம் நகரத் தெருக்களில் ஒரே ஒரு நாள் வாழ்கிறாள். கூந்தலைக் கத்தரிக்கிறாள், ஐஸ்கிரீம் சுவைக்கிறாள், பத்திரிகை நிருபன் ஒருவனிடம் நெஞ்சைப் பறிகொடுக்கிறாள். பிறகு? கெட்டிமேளமா? இல்லை, தோழனே, இல்லை! இழுத்துப்போக வந்த காவலனைக் கிடாரால் அடித்தவள், தன் காலால் தானே திரும்பி வருகிறாள். கடமையை நினைவூட்டிய தூதரிடம், அதை அறியாதவளாயின் திரும்பியே இருக்கமாட்டேன் என்கிறாள். பாலும் வேண்டாம் என்கிறாள். பின்னர் நிருபர்கள் முன்னே, பிடித்த நகரம் எது என்ற கேள்வி. அருகிருந்தோர் முணுமுணுத்த மனப்பாட விடையை உதறிவிட்டு, "ரோம்!" என்கிறாள். அந்த ஒரு சொல்லில் சிறுமி மறைந்தாள், பெண் பிறந்தாள்!

இக்கதையை ஆக்கியவர் யார்? டால்டன் ட்ரம்போ. 1947ல், கம்யூனிஸ்டா என்று துருவிய அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்கு விடை தர மறுத்தவர். அதற்காக 1950ல் சிறை புகுந்தவர். படவுலகம் அவரை விலக்கி வைத்தது. படத்தில் அவர் பெயர் இல்லை. கதைக்கான ஆஸ்கார், அவருக்காகத் தம் பெயரை ஈந்த நண்பர் ஹண்டருக்குப் போயிற்று. 1976ல் ட்ரம்போ மறைந்தார். 1993ல்தான் விருது அவர் மனைவியின் கைக்கு வந்தது. திரைக்கதையில் பெயர் ஏறியது 2011ல்!

அரண்மனை அவளிடம் பறித்தது சொல்லை. அதிகாரம் அவரிடம் பறித்தது பெயரை. அவள் ஒரே நாளில் மீட்டாள். அவர் பெயர் மீள நாற்பதாண்டு கடந்தது!

வளர்ச்சி என்பது வயதா? வதுவையா? தன் சொல்லைத் தானே சொல்லும் துணிவன்றோ! இனி எவரேனும் "வெறும் காதல் படம்" என்று எள்ளினால், தோழனே, வாதாட வேண்டாம். அவள் மறுத்த அந்தப் பாலைக் காட்டு!