மியான்மரில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

மியான்மரின் குடியரசுத் தலைவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படாவிட்டாலும், மக்கள் வாக்களித்து அமைத்த நாடாளுமன்றமே அவரைத் தேர்ந்தெடுப்பதால் அவரும் மக்களாட்சித் தலைவரே என்ற வாதம் படைத்தரப்பின் ஆதரவாளர்களால் நெடுங்காலமாக முன்வைக்கப்படுகிறது. இந்தியாவிலும் இதே முறைதான் என்பது அவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்று.

இந்த ஒப்பீடு அடிப்படையிலேயே பிழையானது. இந்திய அரசமைப்பின் 54ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவர் தேர்தலில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டப்பேரவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களுக்கு அந்த உரிமை கிடையாது. மியான்மரின் 2008ஆம் ஆண்டு அரசமைப்போ, முப்படைத் தலைமைத் தளபதி நியமிக்கும் படையினருக்கு நாடாளுமன்றத்தின் 664 இடங்களில் 166 இடங்களை ஒதுக்கி, அவர்களுக்கு வாக்குரிமையோடு வேட்பாளரை முன்மொழியும் உரிமையையும் அளித்திருக்கிறது. கீழவையின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், மேலவையின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், படையினர் ஆகிய மூன்று குழுக்களும் தலா ஒரு துணைத் தலைவரை முன்மொழிய, அம்மூவரில் ஒருவரை முழு நாடாளுமன்றமும் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறது. எஞ்சிய இருவரும் துணைத் தலைவர்களாகவே நீடிக்கின்றனர்.

படையினர் கால்பங்கினர்தானே, முக்கால்பங்கினரை அவர்கள் எவ்வாறு வெல்ல முடியும் என்பது அடுத்த கேள்வி. 664இல் பாதிக்கு மேல் என்றால் 333 வாக்குகள். அதை எட்ட, படையினரின் துணை இல்லாத அணி தேர்ந்தெடுக்கப்படும் 498 இடங்களில் மூன்றில் இரண்டு பங்கைக் கைப்பற்றியாக வேண்டும். படைசார்ந்த கட்சிக்கோ 167 இடங்களே, அதாவது மூன்றில் ஒரு பங்கே போதும். மக்களின் ஒரு வாக்குக்கு இரு வேறு எடைகளை வைத்த பின், அதைத் தேர்தல் என்று அழைப்பது நேர்மையாகாது.

இந்த அரசமைப்பை மக்களே ஏற்றுக்கொண்டனர் என்ற கூற்றை யாங்கோன்வாசிகளிடம் சொல்லவே இயலாது. 2008 மே 2, 3 ஆகிய நாள்களில் நர்கீஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தையும் யாங்கோனையும் சிதைத்து, இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 1,38,000 பேரைப் பறித்தது. ஆயினும் பிற பகுதிகளில் மே 10 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தப்பட்டு, 92 விழுக்காட்டினர் ஆதரித்ததாக மே 15 அன்று முடிவும் அறிவிக்கப்பட்டது. யாங்கோனின் பெரும்பாலான நகரியங்கள் வாக்களித்தது மே 24இல்தான். முடிவு அறிவிக்கப்பட்ட ஒன்றுக்கு அம்மக்கள் புயலின் அழிவுகளுக்கு இடையே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

2016இல் தேசிய ஜனநாயக லீக்கின் டின் சோ 360 வாக்குகள் பெற்று வென்றதை, இம்முறை நியாயமாக இயங்கியதற்குச் சான்றாகச் சிலர் காட்டுகின்றனர். ஆனால் அக்கட்சியின் தலைவர் ஆங் சான் சூச்சி அப்பதவிக்கு வர முடியாமற்போனது, அயல்நாட்டுக் குடியுரிமையுடைய பிள்ளைகளைக் கொண்டோரை விலக்கும் 59(எஃப்) பிரிவினால்தான். அதைத் திருத்த 75 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் தேவை என்பதால், படையினரின் இசைவின்றி அது நடவாது. இதனினும் முக்கியமானது, அன்று 213 வாக்குகளுடன் தோற்ற படையினரின் வேட்பாளர் மியின்ட் சுவே என்ன ஆனார் என்பதாகும். யாங்கோன் மண்டலத்தின் முன்னாள் முதலமைச்சரான அவர், தோல்விக்குப் பின்னும் விதிப்படி துணைத் தலைவரானார். 2021 பிப்ரவரி 1 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் வின் மியின்ட் தடுத்து வைக்கப்பட்டபோது, மியின்ட் சுவே பொறுப்புத் தலைவராகி நெருக்கடி நிலையை அறிவித்து, ஆட்சியதிகாரம் முழுவதையும் தளபதி மின் ஆங் லைங்கிடம் ஒப்படைத்தார். உடல்நலக்குறைவைக் காரணம் காட்டிப் பதவி விலகுமாறு அதிகாரிகள் வற்புறுத்தியதையும் தாம் மறுத்ததையும் வின் மியின்ட் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கூறினார். விலகாத ஒருவரின் இருக்கை காலியானதாகக் கொள்ளப்பட்டது. அதை நிரப்ப, தோற்றவருக்கென அரசமைப்பு ஒதுக்கியிருந்த துணைத் தலைவர் பதவி கருவியாயிற்று.

2025 டிசம்பர் 28 தொடங்கிக் கட்டங்கட்டமாக நடத்தப்பட்ட தேர்தல் இக்குறைகளைத் தீர்த்துவிட்டது என்போருக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. 2020 தேர்தலில் 476 இடங்களில் 396 இடங்களை வென்ற தேசிய ஜனநாயக லீக், புதிய பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யவில்லை என்ற காரணத்தால் 2023 மார்ச்சில் கலைக்கப்பட்டுவிட்டது. உள்நாட்டுப் போர் நடக்கும் பல நகரியங்களில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. தேர்தலை விமர்சிப்போரைச் சிறையிலிடும் சட்டம் 2025 ஜூலையிலேயே வந்துவிட்டது. யாங்கோன் வாக்காளர் 2015இலும் 2020இலும் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்த கட்சியின் பெயர் இம்முறை அவருக்குத் தரப்பட்ட பட்டியலிலேயே இல்லை.