புல்மோட்டை மணலும் சவளக்கடை வெயிலும்

சிறுபோக வேளாண்மை வெட்டு முடிந்தால் சவளக்கடைப் பக்கம் தெருவோரமெல்லாம் நெல் காயும். வெட்டுவதற்கு மெஷின் வந்துவிட்டது. காயப்போட்ட நெல்லைக் கிளறுவதற்கு இன்னும் ஆட்கள்தான் உச்சி வெயிலில் நிற்கிறார்கள். கல்முனைக் கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கும் இதே வெயில்தான்.

இவர்களில் எவருக்கும் சூரியத் தடுப்புக் கிறீம் தன் தேவையாகத் தோன்றுவதில்லை. அது அறுகம்குடாவில் அலைச்சறுக்கும் வெள்ளைக்காரர் மூக்கில் அப்பும் வெள்ளைப் பசை, அல்லது அழகுசாதனக் கடைப் பொருள். இந்த எண்ணம் மாற வேண்டும். கிறீமும் தொப்பியைப் போலத் தொழில் பாதுகாப்புப் பொருள்.

அந்தப் பசையில் இருப்பது நாக ஒட்சைட்டு, டைட்டேனியம் ஈரொட்சைட்டு ஆகிய கனியத் தூள்கள். இவை கண்ணாடிபோல வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் புற ஊதாக் கதிரின் பெரும்பங்கை இவை உறிஞ்சிச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகின்றன, சிதறடிப்பது கொஞ்சம்தான். தோலைச் சுடும் கதிரை டைட்டேனியம் நன்றாகத் தடுக்கும். ஆழமாக ஊடுருவித் தோலை முதுமையாக்கும் நீண்ட கதிரையும் சேர்த்துத் தடுப்பதில் நாகம் வலியது. 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 16 தடுப்புப் பொருள்களை ஆராய்ந்தது. பாதுகாப்பும் பயனும் உறுதியானவை என்று ஏற்க அது முன்மொழிந்தவை இந்த இரண்டை மட்டுமே.

கறுத்த தோலுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மெலனின் காக்கிறது, ஆனால் முழுதாக அல்ல. கன்னத்தில் படரும் கருந்திட்டு வெயிலில் மோசமாகும். அதை மறைக்க வெள்ளையாக்கும் கிறீம் வாங்குவது ஆபத்து. அத்தகைய கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது.

கனியக் கிறீம் நம் நிறத்தில் சாம்பல் பூசியதுபோல் தெரிவது உண்மைக் குறைதான். இரும்பு ஒட்சைட்டு கலந்தால் மண்ணிறம் வரும். கருந்திட்டைத் தூண்டும் கட்புல ஒளியையும் அது தடுக்கும்.

டைட்டேனியம் நமக்கு அந்நியமல்ல. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையின் கருமணலில் டைட்டேனியக் கனியங்களான இல்மனைட்டும் ரூட்டைலும் கிடக்கின்றன. 1957இல் அதற்கெனக் கூட்டுத்தாபனமே அமைந்தது. ஆனாலும் இல்மனைட் மணலாகவே கப்பலேறுகிறது.

வெயிலில் வேலை செய்பவருக்கு நீளக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும், 10 மணி முதல் 3 மணி வரை நிழலும் முதலில் வேண்டும். துணி மறைக்காத முகத்துக்கும் புறங்கைக்கும் கிறீம். வியர்வையில் கரைவதால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். உரம் கொடுக்கும் கமநல சேவை நிலையங்களிலேயே அதையும் அடக்க விலைக்குக் கொடுக்கலாம். நம் நிறத்துக்கேற்ற கிறீமை உருவாக்கும் வேலையைச் சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம் கையிலெடுக்கட்டும்.